நிக்கல்சனோடு சேர்ந்து நாமும் கட்டிய பாலம்

நண்பர்களே, வணக்கம்.

போர்ப்படம் என்றால் குண்டுச் சத்தம் காதைப் பிளக்க வேண்டும் என்று நினைக்கிறோம். 1957இல் டேவிட் லீன் இயக்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் அந்தச் சத்தம் குறைவு. இரண்டு கர்னல்களின் பிடிவாதம்தான் அங்கே போர்.

இரண்டாம் உலகப் போர்க்காலம். போர்க்கைதிகளை வைத்து ரயில் பாலம் கட்டும் ஜப்பானிய முகாமின் தலைவர் சைட்டோ, கைதிகளான பிரிட்டிஷ் அதிகாரிகளும் கூலிவேலை செய்ய வேண்டும் என்கிறார். கைதிகளின் தலைவரான கர்னல் நிக்கல்சன், அதிகாரிகளிடம் அப்படி வேலை வாங்கக் கூடாது என்று போர்க்கைதிகளுக்கான ஜெனீவா ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுகிறார். அந்தப் புத்தகத்தாலேயே அவர் முகத்தில் அடி விழுகிறது. அப்புறம் வெயிலில் கொதிக்கும் தகரக் கொட்டடி. அதிலிருந்து வெளியே வந்து அவர் நடக்கும் நடை இருக்கிறதே! கால் துவள்கிறது, முதுகு மட்டும் வளைய மறுக்கிறது. இளம்பிள்ளை வாதத்திலிருந்து மீண்டுவந்த தன் மகனின் நடையை மனத்தில் வைத்து அப்படி நடித்ததாக நிக்கல்சனாக வந்த அலெக் கின்னஸ் சொல்லியிருக்கிறார்.

அந்த இடத்தில் நாம் முழுக்க அவர் பக்கம். சிக்கலே அதுதான். அதே பிடிவாதம், எதிரிக்கு இன்னும் உறுதியான பாலத்தைக் கட்டித்தரப் புறப்படும்போதும் நமக்கு அவரை விட மனம் வருவதில்லை. எந்த வேலையை மறுத்துக் கொட்டடிக்குப் போனாரோ, அதே வேலைக்கு அதிகாரிகளைக் கடைசியில் அவரே அனுப்புகிறார். நோயாளிகளையும் எழுப்புகிறார். கின்னஸ் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வீரனுக்கும் மூடனுக்கும் தனித்தனி முகம் வைத்திருந்தால் நாம் உஷாராகியிருப்போம்.

சைட்டோவாக நடித்த செசூ ஹயகாவாவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரஷ்யாவை ஜப்பான் வென்ற நாளைச் சாக்காக வைத்து அவர் பணிந்துபோகிறார். பிறகு தனியே குமுறி அழுகிறார். வில்லனாகவே நின்றிருந்தால் படம் பாதியிலேயே சப்பென்று போயிருக்கும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். படத்தின் பாலம் நிற்பது சயாம்-பர்மா ரயில் பாதையில்; சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையைப் போடும்போது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு மாண்டார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஏராளம். அந்தத் துயரத்துக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை. இத்தனைக்கும் படம் எடுத்தது இலங்கையின் கித்துல்கலவில்!

சரி, முடிவுக்கு வருகிறேன். “நான் என்ன செய்துவிட்டேன்?” என்று கேட்கும் நிக்கல்சன், பாலத்தைத் தகர்க்க அவர் தரப்புப் படையினரே வைத்த வெடியை இயக்கும் கருவியின் மேல் விழுகிறார். தெரிந்து விழுந்தாரா, தடுமாறி விழுந்தாரா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். என் கட்சி, தடுமாறித்தான். உண்மை புரிந்துவிட்டது, அதன்படி நடக்க உடம்பில் உயிர் மிச்சமில்லை. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள், பேசுவோம்.