சட்டியில் இருந்ததுதான் அகப்பையில் வந்தது

(வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. பேச்சைக் கேட்க முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, காலையில் குடிநீர்க் கூட்டம், மதியம் ஒரு திருமணம் என்று இரண்டையும் முடித்துவிட்டு, சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள், அதற்கு முதலில் என் வணக்கம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, இந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் உங்கள் கையில் பிறந்தவர்கள், என் மகளும் அதில் ஒருத்தி என்பதைச் சொல்லாமல் என்னால் பேச்சைத் தொடங்க முடியாது. எனக்கு முன்னால் பேசிய தமிழாசிரியர் ஐயா அவர்களே, உங்கள் பேச்சுக்குப் பிறகு பேசுவது எளிதல்ல. காலை ஆறு மணியிலிருந்து நாற்காலியைத் தன் கையாலேயே தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கும் நூலகர் தம்பி, வாசகர் வட்டத்துத் தோழிகளே, என்னிடம் படித்து இன்று தலை நரைத்து எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

போன வருடம் நானும் என் கணவரும் போர்த்துகல்லுக்குப் போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் பேசப் போகிறேன். ஒன்று சாப்பாடு, இரண்டு ஒயின், மூன்று யூதர்களின் பழைய ஜெபக்கூடங்கள். இந்த மூன்றையும் சேர்த்துக் காட்டுகிற குழுச் சுற்றுலா அது. 16 பேர், 9 நாள், ஒரு சின்னப் பேருந்து. லண்டனில் இருக்கும் மகள் ஏற்பாடு செய்தாள். குழுவில் பெரும்பாலானவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தினர், தங்கள் முப்பாட்டன்மார் விட்டு ஓடிய நாட்டைப் பார்க்க வந்தவர்கள். தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஒரு பழமொழி நன்றாகத் தெரியும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சொன்னதுதான். அந்த 9 நாளும் அதே பழமொழி எனக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்று சொல்கிறேன்.

கொஞ்சம் வரலாறு சொல்லித்தான் ஆகவேண்டும். 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தியது. ஏராளமானவர்கள் பக்கத்திலிருந்த போர்த்துகல்லுக்கு ஓடினார்கள். அங்கே அரசர் இரண்டாம் ஜான் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு, எட்டு மாதம் தங்கலாம் என்றார். அவருக்கு அடுத்து வந்த மானுவேல் 1496 டிசம்பரில் நீங்களும் வெளியேறுங்கள் என்று ஆணை போட்டார், ஆனால் வெளியேறக் கப்பல் தரவில்லை, 1497இல் கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுத்து எல்லாரையும் 'புதுக் கிறிஸ்தவர்' ஆக்கிவிட்டார்கள். 1506இல் லிஸ்பனில் அந்தப் புதுக் கிறிஸ்தவர்களை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். புதுக் கிறிஸ்தவர்கள் மறைவில் இன்னும் யூத முறையைப் பின்பற்றுகிறார்களா என்று விசாரித்துத் தண்டிக்க 1536இல் மத விசாரணை மன்றம் வந்தது. அது ஒழிந்தது 1821இல். 285 வருடம், யோசித்துப் பாருங்கள். நம் கொச்சியில் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெபக்கூடத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள், இப்படித் துரத்தப்பட்டு வந்தவர்களின் குடும்பங்களும் சேர்ந்து கட்டியதுதான் அது.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். அந்த விசாரணைக்காரர்கள் யாரைப் பிடிப்பது என்று தெரிந்துகொள்ள எங்கே பார்த்தார்கள் தெரியுமா? அடுப்பங்கரையில். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுகிறாளா, துவைத்த துணி உடுத்துகிறாளா, பன்றி இறைச்சியை ஒதுக்குகிறாளா, முயல் வேண்டாம் என்கிறாளா, செதில் இல்லாத மீனைத் தொடமாட்டேன் என்கிறாளா, பன்றிக் கொழுப்பை விட்டுவிட்டு எண்ணெயில் சமைக்கிறாளா, இதெல்லாம் யூத வீட்டு வழக்கம், இதெல்லாம்தான் துப்பு. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற நம் வீட்டுப் பெண்களை நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள், அதன் கொடுமை உறைக்கும்.

வடகிழக்கு மலைப்பக்கம் மிராண்டெலா என்று ஓர் ஊர். அங்கே 'அல்யெய்ரா' என்று ஒரு தொத்திறைச்சி. அல்யோ என்றால் பூண்டு, பெயரே அதிலிருந்து வந்தது. குதிரை லாடம் மாதிரி வளைந்திருக்கும், தோல் மொறுமொறுவென்று பொரிந்திருக்கும், கத்தி வைத்தால் உள்ளே கறித்துண்டு கிடையாது, ரொட்டியும் கோழியும் பூண்டும் மிளகாய்த்தூளும் குழைந்த களி மாதிரி ஒன்று மெதுவாக வெளியே வரும். மேலே ஒரு முட்டை, பக்கத்தில் வதக்கிய கீரை. ஊரில் சொல்லும் கதை இது: எல்லா வீட்டிலும் பன்றித் தொத்திறைச்சி புகையில் தொங்கும்போது ஒரு வீட்டில் மட்டும் தொங்காவிட்டால் மாட்டிக்கொள்வார்களே, அதனால் புதுக் கிறிஸ்தவப் பெண்கள் கோழியும் ரொட்டியும் அடைத்து, பார்க்க அதேபோல ஒன்றைச் செய்து தொங்கவிட்டார்களாம். வரலாற்று ஆசிரியர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை, இன்று கடையில் விற்கிற பலவற்றில் பன்றி இறைச்சியே சேர்க்கிறார்கள். ஆனால் ஊர் அந்தக் கதையைத் தட்டோடு சேர்த்துப் பரிமாறுகிறது. 2011இல் நாட்டின் ஏழு உணவு அதிசயங்களில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நான் சொல்ல வந்த முக்கியமான கதை பெல்மோன்ட்டில் நடந்தது. மலைமேல் ஒரு சிற்றூர், கல் வீடுகள், உச்சியில் கோட்டை. 1500இல் பிரேசிலைத் தொட்டுவிட்டு நம் கோழிக்கோட்டுக்கும் கொச்சிக்கும் வந்தாரே கப்ரால், அவர் பிறந்த ஊர் அதுதான். சாமுவேல் ஸ்வார்ஸ் என்று போலந்தில் பிறந்த ஒரு யூதர், சுரங்கப் பொறியாளர், வேலைக்காக அந்தப் பக்கம் வந்தவர். 1917இல் ஒரு கடைக்காரர் அவரிடம், இன்னாரிடம் சாமான் வாங்காதீர்கள் என்கிறார். ஏன் என்று கேட்டால், அவன் யூதன், அது போதாதா என்கிறார். இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மலைப்பக்கம் யூதர்களே இல்லாமல் போய் 400 வருடம் ஆகிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தார்! அங்கே மறைந்து வாழ்ந்த அந்த யூதர்களைத் தேடிப் போகிறார். நானும் யூதன்தான் என்கிறார். அவர்கள் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள், பயத்திலேயே பிறந்து பயத்திலேயே வளர்ந்தவர்கள், வந்தவன் யாரென்று தெரியாது. எங்கள் ஜெபம் ஏதாவது சொல் என்கிறார்கள். அவர்களுடைய ஜெபமெல்லாம் போர்த்துகீசிய மொழியில், பாட்டி சொல்லி அம்மா கேட்டு, அம்மா சொல்லி மகள் கேட்டு வந்தது, ஏட்டில் கிடையாது. அவருக்கு அது ஒன்றுமே தெரியாது. அவருக்குத் தெரிந்தது எபிரேயம். எபிரேயம் என்று ஒரு மொழி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது! இரண்டு பக்கமும் ஒரே மரத்துக் கிளைகள், ஒருவரையொருவர் அடையாளம் காண வழியில்லை.

கடைசியில் ஒரு மூதாட்டி முன்னால் வருகிறாள். அவள்தான் அவர்களுக்கு எல்லாம். சரி, எங்கள் ஜெபம் தெரியாதென்றால், நீ சொல்கிற அந்த மொழியிலேயே ஒன்று சொல், கேட்கிறேன் என்கிறாள். அவர் 'ஷெமா இஸ்ராயேல்' என்று தொடங்குகிறார், இஸ்ராயேலே கேள் என்பது அதன் பொருள். அடுத்த சொல் 'அதோனாய்', அதாவது ஆண்டவர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அந்த மூதாட்டி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். எபிரேயத்தில் அவர்களிடம் மிச்சமிருந்தது அந்த ஒரே சொல்தான். ஜெபம் முடிந்ததும் கூடியிருந்தவர்களிடம் திரும்பி, இவன் யூதன்தான், அதோனாய் என்கிற பெயர் இவனுக்குத் தெரிந்திருக்கிறது என்றாள்.

எங்கள் வழிகாட்டிப் பெண் இதைச் சொல்லி முடித்தபோது குழுவில் ஒருவரும் பேசவில்லை. ஒரே ஒரு சொல், தாய்மார்களே! 400 வருடம், ஆண்கள் விசாரணைக்குப் போன வீடுகளில், பெண்கள் அந்த ஒரு சொல்லைச் சட்டிக்குள் வைத்துக் காத்தார்கள். சட்டிக்குள் என்று நான் சொல்வது பேச்சுக்காக அல்ல. வெள்ளிக்கிழமை விளக்கை வெளிச்சம் தெருவில் தெரியாதபடி மண்பாண்டத்துக்குள் வைத்து ஏற்றினார்கள். குடத்திலிட்ட விளக்கு என்று நாம் சொல்கிறோமே, அங்கே அது உண்மையாகவே குடத்திலிட்ட விளக்கு. சட்டியில் இருந்தது, அகப்பையில் வந்தது. 1996இல் அந்த ஊரில் புது ஜெபக்கூடமே திறந்துவிட்டார்கள்.

ஸ்வார்ஸ் அதோடு நிறுத்தவில்லை. அந்தப் பெண்கள் சொன்ன ஜெபங்களைக் கேட்டுக் கேட்டு எழுதி 1925இல் புத்தகமாகப் போட்டார். எழுதினார் என்பதை மனதில் வையுங்கள், கடைசியில் அங்கேதான் வரப் போகிறேன்.

ஒயின் பற்றிச் சொல்கிறேன் என்றேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, ஒரு வாய் சுவைத்ததோடு சரி. பெல்மோன்ட்டுக்குப் பக்கத்தில் கொவில்யா என்ற ஊரில் விவசாயிகளின் கூட்டுறவு ஆலை 'கோஷர்' ஒயினும், அதாவது யூத மத விதிப்படியான ஒயினும், செய்கிறது. திராட்சையை நசுக்குவதிலிருந்து புட்டியை மூடும்வரை ஓய்வுநாளை அனுசரிக்கும் யூதர்கள் மட்டுமே அதைத் தொடலாம். முதல் மூன்று வருடத்துக் காய்ப்பை எடுக்கக்கூடாது. தெளிய வைக்க ஜெலட்டினோ மீன் பசையோ சேர்க்கக்கூடாது. அன்று வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மேசையில் உணவக ஊழியர் புட்டியை வைத்துவிட்டு விலகி நின்றார். எங்கள் குழுவில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், கை நடுங்க நடுங்க, தானே திறந்து ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று ஜெபம் சொன்னார். இரண்டு சொட்டு வழிந்து மணிக்கட்டில் ஓடியது, அவர் துடைக்கவே இல்லை. அப்புறம் டோரோ ஆற்றங்கரை, கற்பலகை மலையை வெட்டிப் படிப்படியாகக் கட்டிய தோட்டங்கள். அந்த வட்டாரத்து ஒயினுக்கு 1756இல் எல்லை வகுத்தவர் அன்றைய அமைச்சர் பொம்பால் பிரபு. அதே மனிதர்தான் 1773இல் பழைய கிறிஸ்தவர், புதுக் கிறிஸ்தவர் என்ற பேதமே இனிச் சட்டத்தில் கிடையாது என்று ஒழித்தவர். ஒயின் வாங்க வருகிற எல்லாருக்கும் முதல் தேதி தெரிகிறது, இரண்டாவது தேதியையும் சொல்லித் தந்ததற்காகவே அந்தச் சுற்றுலாவை நான் மதிக்கிறேன்.

ஜெபக்கூடங்களைப் பற்றி நிறைய குறித்து வைத்திருந்தேன், நேரம் ஆகிவிட்டது என்று நூலகர் தம்பி கைகாட்டுகிறார். தோமார் ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 15ஆம் நூற்றாண்டுக் கூடம், சிறையாக இருந்து, வைக்கோல் கிடங்காக இருந்து, 1923இல் அதே ஸ்வார்ஸ் தன் பணத்தில் வாங்கி, பிறகு அரசுக்குக் கொடுத்தது. மூலைகளில் மேலே மண்பானைகளைச் சுவருக்குள் பதித்திருக்கிறார்கள், ஓதுகிற குரல் மண்டபம் முழுக்கக் கேட்பதற்காக. மறுபடியும் பானை! போர்ட்டோ ஜெபக்கூடத்தை இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன்.

ஸ்பெயின் எல்லையோரம் கஸ்தெலோ த வீத் என்று ஓர் ஊர். ஸ்பெயினிலிருந்து ஓடிவந்த யூதக் குடும்பத்தில் அங்கே பிறந்தவர் கார்சியா த ஓர்த்தா, மருத்துவர், 1534இல் கோவாவுக்கு வந்தார். இங்கே நம் கடைத்தெருவில் விற்கிற சரக்கையெல்லாம், இஞ்சி, மிளகு, ஏலம், பெருங்காயம், வெற்றிலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்து, இரண்டு பேர் பேசிக்கொள்வது மாதிரி எழுதி 1563இல் கோவாவிலேயே அச்சிட்டார். அவர் இறந்த பிறகு, யூத முறையை விடாதவர் என்று சொல்லி 1580இல் எலும்பைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். எழுதியதை எரிக்க முடியவில்லை, இன்றும் படிக்கிறோம்.

நம் சரக்கை எங்கிருந்தோ வந்தவர் எழுதி வைத்தார். நாம் என்ன செய்தோம்? என் அப்பத்தா பிள்ளை பெற்றவளுக்கு ஒரு லேகியம் கிண்டுவாள். சுக்கு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, சதகுப்பை, இன்னும் பத்துப் பன்னிரண்டு சாமான், கருப்பட்டிப் பாகு, நல்லெண்ணெய். தெருவில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். என் மகள் பிரசவத்துக்கு வந்தபோது கிண்டலாம் என்று உட்கார்ந்தேன். சாமான் பெயர் பாதிதான் தெரிந்தது, அளவு ஒன்றுகூடத் தெரியவில்லை. அப்பத்தா போய் இருபது வருடம் ஆகியிருந்தது. நான் படித்தவள், பாடம் நடத்தியவள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாளும் எழுதவில்லை. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை. சட்டியில் இருந்தபோது நான் அகப்பையைக் கொண்டுபோகவில்லை.

அதனால்தான் மூன்று வருடமாக இந்த மேடையில் ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம் நூலகத்தில் ஓர் அலமாரி வேண்டும், இந்த ஊர்ப் பாட்டிமார் சமையல், மருந்து, தாலாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் எழுதி வைக்க. தலைவர் அம்மா, ஓர் அலமாரியும் ஒலிப்பதிவுக்கு ஒரு கருவியும் நகராட்சி தந்தால் போதும். மருத்துவர் ஐயா, லேகியச் சாமான் பெயர்களை நீங்கள் ஒருமுறை பார்த்துத் தர வேண்டும். வாசலில் மேசைமேல் 40 நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒரு கை, கொஞ்சம், ஒரு கொட்டைப்பாக்களவு என்று அவர்கள் சொன்னால் அதையும் எழுதுங்கள், அதோடு விடாதீர்கள். அந்தக் கையிலிருந்தே ஒரு கிண்ணத்தில் போடச் சொல்லி, எடை பார்த்து, கிராம் கணக்கைப் பக்கத்தில் எழுதுங்கள். தை மாதக் கூட்டத்துக்கு நோட்டோடு வாருங்கள். வணக்கம்.