ஒரே குழாயை நம்பிச் சிறுநீரகமும் கருப்பையும்

[திரை: ஏழு வாரக் கருவின் முதுகுப் பக்கம். இருபுறமும் ஒரு நீலக் குழாய், ஒரு மஞ்சள் குழாய்]

இந்தக் கரு ஆணா, பெண்ணா? இந்தக் குழாய்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாக் கருவிலும் ரெண்டு ஜோடியும் இருக்கு. நீலம் வுல்ஃபியன் குழாய், மஞ்சள் முல்லேரியன் குழாய்.

நீலத்துக்கு முதல் வேலை சிறுநீரகம். அஞ்சாவது வாரத்திலேயே அது ஆரம்பிச்சாச்சு. பக்கத்துத் திசு ஜி.டி.என்.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கும். குழாய் செல்கள் மேல ‘ரெட்’ என்ற ஏற்பி இருக்கு. அதுக்கு இந்தப் புரதத்தோட சேதி கிடைச்சா அங்க ஒரு முளை கிளம்பும். முளை திசுவுக்குள்ள புகுந்து கிளை விடும். அதுக்கப்புறம் முளையோட முறை: அது அனுப்புற ‘வின்ட்’ புரதங்கள்தான் சுத்தியிருக்கிற திசுவை வடிகட்டிகளா மாத்துது. ஜி.டி.என்.எஃப். மரபணுவை நீக்கின எலிகளுக்குச் சிறுநீரகமே உருவாகலைன்னு 1996-ல தெரிஞ்சது.

[திரை: முயல் கரு]

சரி, ஆண்-பெண் எப்படிப் பிரியுது? ஒய் குரோமோசோமில் இருக்கிற எஸ்.ஆர்.ஒய். மரபணு வேலை செஞ்சா விந்தகம் உருவாகும். மீதியைக் கண்டுபிடிச்சவர் பிரான்ஸைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஜோஸ்ட், 1940-களில். தாய் முயலோட வயித்துக்குள்ள இருந்த ஆண் குட்டிகளின் விந்தகத்தை எடுத்துட்டார். நீலம் மறைஞ்சுது, மஞ்சள் கருப்பையா வளர்ந்துது. விந்தகத்துக்குப் பதிலா டெஸ்டோஸ்டிரோன் படிகத்தை வெச்சார். நீலம் தப்பிச்சுது, ஆனா மஞ்சளும் போகலை! அப்போ மஞ்சளை அழிக்க இன்னொரு ஹார்மோன் இருக்கணும். அதுதான் ஏ.எம்.எச். ஆமா, குழந்தையின்மை கிளினிக்ல பெண்களுக்கு ரத்தத்தில டெஸ்ட் எடுக்கிறாங்களே, அதேதான்.

பெண் கருவில் நீலக் குழாய் கவனிப்பாரில்லாம தானா மறையுதுன்னுதான் ரொம்ப காலம் பாடம் நடத்தினாங்க. 2017-ல வந்த எலி ஆய்வு அதை மாத்திடுச்சு: அங்கேயும் ஒரு புரதம் முனைஞ்சு நின்னு நீலத்தை அழிக்குது.

[திரை: மஞ்சள் குழாய் நீளும் அனிமேஷன்]

கடைசியா இதைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. பந்தக்காலைப் பிடிச்சுப் படர்ற கொடி மாதிரி, மஞ்சள் குழாய் நீலத்தை ஒட்டித்தான் நீளுது. நீலம் சரியா அமையலைன்னா அந்தப் பக்கச் சிறுநீரகமும் இல்ல, கருப்பையும் முழுசா உருவாகாம போகலாம். ஒரு சிறுநீரகத்தோட பிறந்த பொண்ணுக்குக் கருப்பையையும் ஸ்கேன் பண்ணிப் பார்க்கச் சொல்றது இதனாலதான்.