ஊர்ப் பள்ளி ஊரிலேயே இருக்கட்டும்

நடுவர் அவர்களே, தீர்ப்பு வருவதற்கு முன்பே ஜெயித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, திருவிழாக் கடைகளை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எப்போது முடியும் என்று முன்வரிசையில் கொட்டாவி விடும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் குறைந்த கிராமப் பள்ளிகளைப் பக்கத்துப் பெரிய பள்ளியோடு இணைத்துவிடுவதா, ஊரிலேயே வைத்துக் காப்பாற்றுவதா? இதுதான் தலைப்பு. இணைத்துவிடுங்கள் என்று எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். பன்னிரண்டு பிள்ளைக்கு ரெண்டு வாத்தியார் வைப்பது வீண் செலவு என்றார். ஐந்து வகுப்பை ரெண்டு பேர் நடத்தினால் படிப்பு எங்கே வரும் என்று கேட்டார். கடைசியாக அமெரிக்காவுக்கே போய், அங்கே சின்னப் பள்ளிகளை எல்லாம் எப்போதோ இணைத்துவிட்டார்கள் என்று முடித்தார். கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன், பேச்சுக்காக.

முதலில் செலவு. ஐயா, நான் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறவன். எங்கள் பள்ளியை நாளைக்கே மூடினால் என் சம்பளம் மிச்சமாகுமா? ஆகாது. என்னைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றுவார்கள், அதே சம்பளம் அங்கே வரும். அப்படியானால் மிச்சமாவது என்ன? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருகிற ஆண்டு மானியம் 10,000 ரூபாய். சாக்பீஸ், துடைப்பம், குழாய் ரிப்பேர் எல்லாம் அதற்குள்தான். அப்புறம் கொஞ்சம் கரண்ட் பில். சரி, மூடிவிட்டீர்கள். பக்கத்தில் வேறு பள்ளி இல்லாத பிள்ளைக்குப் போக்குவரத்துப் படி கொடுக்க வேண்டும் என்று அதே திட்டம்தான் சொல்கிறது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை. பன்னிரண்டு பிள்ளைக்கு எவ்வளவு? எங்கள் பள்ளி நான்காம் வகுப்புப் பிள்ளையே பெருக்கிச் சொல்லும், 72,000. பத்தாயிரத்தை மிச்சம் பிடிக்க எழுபத்திரண்டாயிரம் செலவு செய்வதுதான் சிக்கனம் என்றால், நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் வீட்டுக் கணக்கை அவருடைய வீட்டம்மா பார்ப்பதே நல்லது.

இந்தக் கணக்கைக்கூட விட்டுவிடலாம். எதிரணியில் யாருமே தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. இணைப்பு என்று சொல்கிறார்களே, அந்தப் பிள்ளைகள் உண்மையில் எங்கே போவார்கள்? பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்கா? காலை ஏழரை மணிக்கு நம் ஊர் ஆலமரத்தடியில் வந்து நின்று ஹாரன் அடிக்கிறதே தனியார் பள்ளி வேன், அதற்குள் போவார்கள். எப்படியும் பிள்ளையை ஊருக்கு வெளியே அனுப்பத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால், வாசலுக்கு வருகிற வண்டியில் ஏற்றிவிடலாமே என்றுதான் எந்தத் தாயும் நினைப்பாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? வேனுக்குக் கட்டப் பணமில்லாத வீட்டுப் பிள்ளை என்ன ஆகும்? மழை என்றால் லீவு, அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் லீவு, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் லீவு. அது பெண் பிள்ளையாக இருந்தால் லீவுகள் இன்னும் கூடும்.

பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்பதையும் எதிரணி சொல்லவில்லை. பிறப்பு குறைந்தது, வேலை தேடி ஜனங்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனார்கள். இன்னொன்றும் நடந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அந்தக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடுதான். ஆனால் எங்கள் வாசலில் அது எப்படித் தெரிகிறது? அரசே பணம் கட்டி ஒரு பிள்ளையை இங்கிருந்து அனுப்பிவைக்கிறது. அடுத்த வருஷம் அதே அரசின் அதிகாரி வந்து, ஏன் சார் சேர்க்கை குறைந்துவிட்டது என்று என்னிடம் விளக்கம் கேட்கிறார்!

இதே சட்டம்தான், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கிறது. அறுபது பிள்ளைகள் வரைக்கும் ரெண்டு ஆசிரியர் என்றும் சொல்கிறது. எனவே பன்னிரண்டு பிள்ளைக்கு ரெண்டு வாத்தியார் என்பது யாரோ போட்ட பிச்சை இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூனில், ஐம்பது பிள்ளைக்குக் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்க உத்தரவு போட்டார்கள். பெற்றோர் கிளம்பினார்கள், வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. கடைசியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் இணைக்க மாட்டோம் என்று அரசே இறங்கி வந்தது.

அந்த ஒரு கிலோமீட்டர் ஏன் முக்கியம்? வரைபடத்தில் விரல் நகத்தளவுதான் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளை புத்தகப் பையோடு அதை நடந்து, நடுவே ஒரு நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டுமென்றால்? வால்பாறைப் பக்கம் போய்ப் பாருங்கள், சிறுத்தையும் யானையும் நடமாடும் தேயிலைத் தோட்டத்து வழி. காமராஜர் காலத்தில் ஐந்நூறு பேர் இருக்கும் ஊருக்கு ஒரு பள்ளி என்றார்கள், பிறகு அதையும் குறைத்து முந்நூறு பேர் இருந்தாலே போதும் என்றார்கள். ஓராசிரியர் பள்ளியாக இருந்தாலும் பரவாயில்லை, ஊருக்குள் இருக்கட்டும் என்று திறந்தார்கள். இந்த மேடைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களில் பாதிப் பேர் அந்தப் பள்ளிகளில் கையெழுத்துப் பழகியவர்கள்தானே?

இப்போது படிப்பு. ஐந்து வகுப்பை ரெண்டு பேர் நடத்துவது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் குறுவள மையத்தில், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடத்தில், பயிற்சிக்குப் போய்விட்டால் அன்றைக்கு இன்னொருவர் பாடு திண்டாட்டம். பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளப் பதிவு, விலையில்லாப் பொருள் கணக்கு, தேர்தல் வேலை, இதெல்லாம் வேறு. ஆனால் இதற்கு மருந்து பிள்ளையை நகர்த்துவதா? சம்பளம் வாங்குகிற பெரியவர்களை நகர்த்துங்கள் என்கிறோம் நாங்கள்! 2022 நவம்பரில் திருச்சி காட்டூரில் வானவில் மன்றம் தொடங்கினார்களே, அதில் என்ன நடக்கிறது? ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல் சோதனை செய்து காட்ட, சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கருத்தாளர் ஸ்கூட்டரில் பள்ளி பள்ளியாகப் போகிறார். ஆய்வுக்கூடமே பிள்ளையைத் தேடி வருகிறது. ஆறாம் வகுப்புக்கு அது முடியும் என்றால் மூன்றாம் வகுப்புக்கு ஓவிய ஆசிரியரும் விளையாட்டு ஆசிரியரும் வாரத்தில் ஒரு நாள் வந்துபோக முடியாதா? ஒன்றியத்தில் பத்துச் சின்னப் பள்ளிகளுக்குப் பொதுவாக ஒருவரைப் போடுங்கள். ஒருவர் லீவு எடுத்தால் மாற்றுக்கு வர இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பள்ளியில் படிப்பு எப்படி நடக்கிறது என்பதையும் எதிரணி ஒரு காலை நேரம் வந்து பார்க்கட்டும். எட்டு மணிக்கெல்லாம் கிச்சடி வாசனை வந்துவிடும். காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண், அவர் பிள்ளையும் இங்கேதான் படிக்கிறது. அதனால் உப்புக் குறைவதில்லை. வராத பிள்ளையின் வீடு சமையல் கூடத்து ஜன்னலிலிருந்தே தெரியும். கரண்டியோடு வாசலுக்கு வந்து ஒரு குரல் கொடுப்பார், “ஏ, இன்னும் கெளம்பலையா நீ?” ஐந்து நிமிடத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பையன் ஓடி வருவான். வருகையை ஆப்பில் பதிவு செய்யும் வசதி எல்லாப் பள்ளியிலும் உண்டு. இந்தக் குரல் இருக்கிறதா?

அப்புறம் காலை வழிபாடு. குறள் சொல்ல ஒருவர், பழமொழிக்கு ஒருவர், செய்தி வாசிக்க ஒருவர். நானூறு பிள்ளை உள்ள பள்ளியில் நன்றாகப் பேசும் நாலு பிள்ளைகளே வருஷம் முழுக்க வாசிப்பார்கள். எங்களிடம் ஆள் பஞ்சம், அதனால் எல்லோருக்கும் முறை வரும், திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளைக்கும் வரும். மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி ஒரு நாள் பேப்பர் செய்தியை வாசித்து முடித்துவிட்டுத் தானாகவே சேர்த்துக்கொண்டாள்: “உள்ளூர்ச் செய்தி. மேல்நிலைத் தொட்டி மோட்டார் ரிப்பேர். மூணு நாளாத் தண்ணி வரல.” சுவருக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த டேங்க் ஆபரேட்டர் காதில் அது விழுந்துவிட்டது. மனிதர் வாசலில் வந்து நின்று, “சாயங்காலம் வந்துரும் பாப்பா” என்று பதில் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் மறுநாள்தான் வந்தது, அது வேறு விஷயம். தான் வாசித்தால் ஊர் பதில் சொல்லும் என்று எட்டு வயதில் தெரிந்துகொண்ட பிள்ளை அவள்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சாதியைத் தொட்டார். சின்ன ஊர்ப் பள்ளியில் ஊர்ச் சாதி வந்து குந்திக்கொள்கிறது, பெரிய பள்ளியில் எல்லோரும் கலப்பார்கள் என்றார். 2023 செப்டம்பரில் எட்டயபுரத்துப் பக்கம் உசிலம்பட்டியில் பட்டியலினப் பெண் சமைத்த காலை உணவைச் சில பெற்றோர் வேண்டாம் என்றதைச் சொன்னார். உண்மை, நடந்தது. வெட்கப்பட வேண்டியது. அதற்கு முந்தைய மாதம் நாங்குநேரியில் நடந்ததையும் அவர் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அவர்கள் படித்தது பெரிய மேல்நிலைப் பள்ளி. கூட்டம் பெரிதானால் சாதி தானாகக் கரைந்துவிடும் என்பது ஆசை, அவ்வளவுதான். உசிலம்பட்டியில் அமைச்சரும் எம்.பி.யும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பள்ளியை மூடியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு வேலைதான் போயிருக்கும்.

இனி அமெரிக்கா. அங்கே பள்ளி மாவட்டம் என்று ஒன்று உண்டு. நம் வருவாய் மாவட்டம் மாதிரி இல்லை. பெரும்பாலும் அந்தந்தப் பகுதி மக்களே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, வரி போட்டு, தங்கள் பள்ளிகளை நடத்துகிற எல்லை அது. 1939-40இல் அப்படி 1,17,000 இருந்தன, இன்று ஏறத்தாழ 13,000. எதிரணித் தலைவர் சொன்னது சரிதான். ஆனால் இணைத்தபோது வாசலுக்கு மஞ்சள் பஸ் அனுப்பினார்களே, அதை ஏன் விட்டுவிட்டார்? பஸ் விட்டும்கூட எல்லா இடத்திலும் கணக்கு நேராகவில்லை. மேற்கு வர்ஜீனியா என்ற மலை மாநிலத்தில் 1990 தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடினார்கள். செலவு மிச்சம் என்பதுதான் அங்கேயும் சொன்ன காரணம். 2002இல் சார்ல்ஸ்டன் கெஜட் பத்திரிகை கணக்கைப் புரட்டிப் பார்த்தது. கட்டடங்களுக்கு 100 கோடி டாலருக்கு மேல் போயிருந்தது, சொன்ன மிச்சம் வரவில்லை, சின்னஞ்சிறு பிள்ளைகள் மலைப்பாதையில் நெடுநேரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரணியே, அமெரிக்காவுக்குப் போவதென்றால் ரிட்டர்ன் டிக்கெட்டோடு போங்கள்!

நம் பக்கம் வேறு ஒரு பழக்கம் இருந்தது, இருக்கிறது. 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார்கள், ஜனங்கள் பெஞ்சும் கரும்பலகையும் நிலமும் கொடுத்தார்கள். கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். அதன் பேரப்பிள்ளைதான் இன்றைய கல்விச் சீர். கல்யாணச் சீர் போலவே மேளம் முன்னே போக, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பக்கத்துத் தட்டில் சுவர்க் கடிகாரம், நோட்டுக் கட்டு, ஒருவர் தலையில் பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் டிராக்டரில் பீரோ. எங்கள் ஊரில் சீர் வந்த அன்று, பிள்ளையை வேனில் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு தகப்பன் பீரோவுக்குத் தோள் கொடுத்தார். ஜூனில் அவர் இளைய மகள் எங்கள் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். ஊர் இப்படி உரிமை கொண்டாடுவது தன் தெருவில் இருக்கும் பள்ளியைத்தான். ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்கு யார் மேளம் வைப்பார்கள்?

நடுவர் மணியை எடுத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். எங்கள் அணி கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பள்ளியை இணைப்பதற்கு முன்னால் அந்தப் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டுங்கள். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அவர்களிடம் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரே, உங்களிடம் ஒரே கேள்வி. இந்த ஊர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நாளைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே வருகிறது. டவுன் பஸ் அஞ்சேகாலுக்கு. அந்த ஒன்றேகால் மணி நேரம் அதன் கூட யார் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.