குனிய வேண்டியவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் சிவந்து பறிப்புக்கு வருகிற காலமும் கிறிஸ்து பிறப்புக்கான திருவருகைக் காலமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வருகின்றன. தோட்டங்களில் ஆள் நடமாட்டம் கூடுகிறது. கோயில்களில் நான்கு ஞாயிறும் மாட்டுக் கொட்டிலையும் முன்னணையையும் வைத்துத் தாழ்மையைப் பற்றிப் பேசுகிறார்கள். கேட்கிறோம், தலையாட்டுகிறோம். வெளியே வந்து செருப்பை மாட்டியதும் அந்தத் தாழ்மையை எந்த வேலையில் காட்டுவது என்பதுதான் பிடிபடுவதில்லை.

பலகாரத் தட்டிலிருந்தே தொடங்கலாம். கிறிஸ்தவ வீடு என்றால் டிசம்பர் 25 அன்று அக்கம்பக்கத்துக்குத் தட்டு போகும். அச்சு முறுக்கு, அதிரசம், கலகலா, ஒரு துண்டு கேக். தட்டு நிரம்புகிற வரிசையைக் கவனியுங்கள். மேலதிகாரி வீட்டுக்கு எவர்சில்வர் டப்பா, முந்திரி மேலே தெரிகிற மாதிரி. எதிர் வீட்டுக்குப் பூப்போட்ட தட்டு. தெரு கூட்டுகிற அம்மாவுக்கு உடைந்த முறுக்கும் கேக்கின் ஓரத் துண்டும், பாலிதீன் கவரில், கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து. கொடுக்கிறவர் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இருக்காது. ஒவ்வொரு தட்டாக நிரப்பிக்கொண்டே போனதில் கடைசித் தட்டுக்கு மிச்சம்தான் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

இதை மாற்ற உபதேசம் வேண்டாம், வேலையின் முறை மாறினால் போதும். எல்லாத் தட்டையும் முதலில் மேசையில் பரப்புங்கள். முறுக்கை எடுத்தால் எல்லாத் தட்டிலும் முறுக்கு, அதிரசம் எடுத்தால் எல்லாத் தட்டிலும் அதிரசம். யாருக்கு எது என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். கூட்டுகிற அம்மா வீட்டுக்குத் தட்டோடு நீங்களே போங்கள். அவர் ஒரு டம்ளர் டீ கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள். கொடுக்கத் தெரிந்த பலருக்கு வாங்கத் தெரியாது. இயேசுவின் சீடர் பேதுருவும் முதலில் தன் காலைக் கழுவ விடமாட்டேன் என்றுதான் பிடிவாதம் பிடித்தார்.

பேதுருவைச் சொன்னதால் பைபிளில் யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தைச் சற்றுப் பார்க்கலாம். நம் ஊர்ப் புழக்கத்தில் தாழ்மை என்பது கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் காட்ட வேண்டியது. மருமகள் மாமியாருக்கு, கூலிக்காரர் முதலாளிக்கு, மாணவர் ஆசிரியருக்கு. அந்த அதிகாரத்தில் இது தலைகீழ். பந்தியிலிருந்து எழுந்து, துண்டை இடுப்பில் கட்டி, சீடர்களின் காலைக் கழுவியவர் போதகரான இயேசு. கழுவி முடித்த பிறகும், 'நான் யார், ஒன்றுமே இல்லாதவன்' என்று அவர் சொல்லவில்லை. என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் சொல்கிறீர்கள், அது சரிதான் என்கிறார். தம் இடத்தை மறுக்காமல், அந்த இடத்தில் இருந்துகொண்டே குனிகிறார். சபையில் சாட்சி சொல்லும்போது 'அடியேன் தூசி' என்று தொடங்கி அரை மணி நேரம் தன்னைப் பற்றியே பேசுகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் அன்று பங்கு ஆலயங்களில் பாதம் கழுவும் சடங்கு நடக்கிறது. வெதுவெதுப்பான நீர், ஒரு தாம்பாளம், துண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, நகம் வெட்டி, சலவை வேட்டியில் வருவார்கள். தப்பில்லை, அது அடையாளம்தானே. ஆனால் பங்குப் பேரவைக்காரர்களும் நன்கொடையாளர்களுமே ஆண்டுதோறும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அடையாளம் செத்துவிடும். 2013-இல் போப் பிரான்சிஸ் ரோமில் இளங்குற்றவாளிகள் சிறைக்குப் போய்ப் பாதம் கழுவினார். 2016 ஜனவரியில் வந்த ஆணை, பெண்களையும் இதற்குத் தேர்ந்தெடுக்கலாம் என்று வழிபாட்டு விதியையே மாற்றியது. கைம்பெண், தோட்டத் தொழிலாளி, கல்லறை வெட்டுகிறவர், இவர்களை அழைக்க இப்போது எந்த விதியும் தடையில்லை.

மேலே இருப்பவர் குனிய வேண்டும் என்றால், அன்றாட வாழ்க்கையில் அதற்கு முதல் இடம் தராசு. ஏற்காட்டுத் தோட்டத்தில் சாயங்காலம் பழம் நிறுக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் புரியும். பறித்தவர் பகலெல்லாம் சரிவில் நின்று, பச்சையை விட்டுப் பழுத்ததாகப் பார்த்துப் பறித்துச் சாக்கில் சேர்த்திருக்கிறார். சாக்குக்கு என்று ஒரு எடை கழிக்கிறார்கள். காய்ந்த கோணிச் சாக்கு ஒரு கிலோவைத் தாண்டாது. பனியில் நனைந்தால் எடை கூடும். அதைச் சாக்காக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கிலோ கழிப்பதில்தான் கோளாறு. ஒரு ஆளுக்கு ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தால் இருபது பேருக்கு இருபது கிலோ பழம். அரபிகாவில் சுமார் ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சுத்தமான கொட்டை தேறும். அப்படியானால் நாளுக்கு மூன்று கிலோவுக்கு மேல் காப்பிக் கொட்டை, கூலி கொடுக்காமல் முதலாளி கணக்கில் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை உண்டியலில் போடுகிற காணிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது சிறிய வேலை. வெறும் சாக்கை முதலில் தராசில் வைத்து, டேர் பொத்தானை அமுக்கிப் பூச்சியம் ஆக்கிவிட்டு, பிறகு பழத்தோடு நிறுங்கள். எண் தெரிகிற பக்கம் பறித்தவரைப் பார்த்து இருக்கட்டும். எழுத்துத் தெரியாதவர் என்றால் எண்ணை உரக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை தொழிலாளர் துறையில் முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம். முத்திரை காலாவதியான தராசை வைத்துக்கொண்டு ஜெபத்தோடு வேலையைத் தொடங்குவதில் அர்த்தமில்லை. கள்ளத் தராசைப் பற்றிப் பைபிளில் லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே பேசுகிறது.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளிலும் எடைதான் எல்லாம். வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார்கள், கொலுசை நிறுத்து வாங்குகிறார்கள், சேதாரம் கழித்துக் கூலி போடுகிறார்கள். சேதாரம் எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும், முடிந்த பிறகு அல்ல. முன்பணம் கொடுத்தால் கணக்கை இரண்டு நோட்டில் எழுதுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று தொழிலாளியிடம். ஒரே நோட்டு, அதுவும் முதலாளி மேசை டிராயரில் என்றால், கடன் எப்போது தீரும் என்பது முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயும் முன்னே கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24. அங்கே சொல்லியிருக்கிற காரணம் முக்கியம்: அவன் அதையே நம்பியிருக்கிறான். சனிக்கிழமைக் கூலியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளினால் முதலாளிக்கு ஒன்றும் ஆகாது. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அரிசி கடனுக்கு வரும்.

அடுத்தது வாய். அறுபது வயதுத் தொழிலாளியைப் பத்து வயதுப் பையன் 'வா, போ' என்று கூப்பிடுவது இன்னும் இருக்கிறது. பையனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அப்பா பேசுவதைக் கேட்டுப் பழகியிருக்கிறான். 'வாங்க, போங்க' என்று பெரியவர் மாறினால் பையன் தானாக மாறுவான். முதல் வாரம் அந்தத் தொழிலாளிக்கே கூச்சமாக இருக்கும், 'எதுக்குங்க இதெல்லாம்' என்பார். அதற்காக நிறுத்திவிடக் கூடாது. வீட்டு வேலைக்கு வருகிறவருக்கென்று ஜன்னல் ஓரத்தில் தனி டம்ளர் இருந்தால் இன்றைக்கே அதை மற்ற டம்ளர்களோடு கலந்துவிடுங்கள்.

இந்த டம்ளர் சங்கதி சேலத்துக் கிறிஸ்தவத்துக்குப் புதிதல்ல. மதுரையிலிருந்து இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி 1623-இல் இந்தப் பகுதிக்கு வந்தபோது சந்நியாசி கோலத்தில் வந்தார். கிறிஸ்தவரான பிராமணர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்ததும் அதே 1623-இல்தான். பிறகு அதே மதுரை மிஷனில் பிற சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவுக் குருக்கள் வந்தார்கள். அன்றைய நோக்கம் என்னவாக இருந்தாலும், யார் யாரோடு உட்காருவது என்ற கேள்வி விசுவாசத்தோடு கூடவே உள்ளே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் நின்ற ஊர் உண்டு. பொன் மோதிரக்காரருக்கு நல்ல நாற்காலி, கந்தல் உடுத்தியவருக்குக் கால்மாட்டில் இடம் என்று வைக்காதீர்கள் என யாக்கோபு 2-ஆம் அதிகாரம் பேசுவது ஆலயத்துக்குள் நடப்பதைத்தான். நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வரிசையில் நிற்கும்போதும், பந்தி போடும்போதும், திருமணப் பேச்சின்போதும் சாதி பார்த்துவிட்டு மற்ற இடத்தில் பணிவாக இருப்பது வீண் வேலை. இதில் சமரசத்துக்கு இடமில்லை என்பது என் கருத்து.

மன்னிப்புக் கேட்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகமாகக் கெடுவது அங்கேதான். மத்தேயு 5:23, 24 வசனங்களை நிதானமாகப் படியுங்கள். உனக்கு யார் மேலாவது வருத்தம் இருந்தால் என்று அங்கே இல்லை. உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போ என்கிறது. குறை செய்தவர்தான் நடக்க வேண்டும்.

நடப்பது என்ன? 'தப்பா நினைச்சிருந்தா மன்னிச்சுக்குங்க' என்கிறோம். அதில் தப்பு எதிராளியின் நினைப்புக்குப் போய்விடுகிறது. 'மன்னிச்சிடுங்க, ஆனா நீங்களும் அன்னைக்கு...' என்றால் அது இரண்டாவது சண்டை. வருடப் பிறப்பன்று எல்லோருக்கும் ஒரே மன்னிப்பு மெசேஜை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவது இன்னொரு வகை. பத்துப் பேர் முன்னால் திட்டிவிட்டுத் தனியறையில் மன்னிப்புக் கேட்பது எல்லாவற்றையும் விடச் சாதாரணமாக நடக்கிறது.

செய்தது இன்னதென்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 'நேத்து பட்டறையில எல்லார் முன்னாடியும் உங்களைத் திருடன்னு சொன்னேன், அது பொய், நான் சொன்னது தப்பு.' அங்கேயே நிறுத்துங்கள். காரணம் அவர் கேட்டால் மட்டும். எத்தனை பேர் முன்னால் சொன்னீர்களோ அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள். பண நஷ்டம் ஏற்பட்டிருந்தால் பணத்தோடு போங்கள். பைபிளில் வரும் வரி வசூலிப்பவர் சகேயு வாயால் மட்டும் மனம் திரும்பவில்லை, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கிடைத்த பிறகும் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை போய்விடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. எதிராளி உடனே கட்டிப்பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலும் உங்கள் வேலை முடிந்தது.

கேட்டுக்கொண்டிருக்கும் சில பெண்களுக்கு இதையெல்லாம் தாண்டி ஒன்று சொல்ல வேண்டும். அடிக்கிற கணவனைப் பொறுத்துக்கொள், அதுதான் தாழ்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் அறைந்தபோது இயேசு, நான் தவறாகப் பேசியிருந்தால் எடுத்துக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் 18:23. பெண்கள் உதவி எண் 181. இரவிலும் எடுப்பார்கள்.

கொடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக. உபயம் இன்னார் என்று ட்யூப்லைட்டில் எழுதி வெளிச்சத்தை மறைக்கிற வழக்கம் நம்மிடம் எல்லா மதத்திலும் உண்டு. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் போகிறதென்றால், பாதி காணிக்கை, பாதி போட்டி. 1833-இல் பாரிசில் தொடங்கிய, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் பழக்கம் ஒன்று இதற்கு மாற்று. கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும். எல்லோரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார், யார் ஒன்றும் போடவில்லை என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. உதவி பெறும் வீட்டுக்கு இருவராகப் போய் உட்கார்ந்து பேசுவார்கள். அந்த வீட்டின் பெயர் வெளியே வராது, போட்டோவும் கிடையாது. பங்கின் சிறு குழுக்களான அன்பியக் கூட்டங்களிலும் ஜெபக் குழுக்களிலும் அப்படியே பின்பற்றலாம்.

இரவில் படுக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்மச் சோதனைக்கு ஐந்து படிகள்: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம் எடுப்பது. பலர் மூன்றாவது படியில் தூங்கிவிடுவார்கள், அல்லது பொதுவாக 'நான் பாவி' என்று முடித்துவிடுவார்கள். காலையிலிருந்து மணி மணியாகப் போய், இன்று யாரைக் காக்க வைத்தேன் என்று மட்டும் கேளுங்கள். நாம் யாருக்கு மேலே இருக்கிறோமோ அவரைத்தான் காக்க வைப்போம். மேலதிகாரியை யாரும் காக்க வைப்பதில்லை. கூலிக்காக வாசலில் நின்றவர், கையெழுத்துக்காக மேசை முன் நின்றவர், சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி. ஒரு பெயர் கிடைத்ததும் நிறுத்திவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு அவரிடம் போவது என்று செல்போனில் அலாரம் வையுங்கள். காலை பத்து மணிக்குள் என்றால் நல்லது. அதற்கு மேல் வேலை வந்துவிடும்.

நன்றி. வணக்கம்.