ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த வானொலியில் டென்னிஸ் பற்றிப் பேச வரமுடியுமா என்று கேட்டார்கள். நான் ராக்கெட் பிடித்து ஆடியவள் இல்லை. ஒரு சிறிய அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் 13 வயதிலிருந்து இன்றுவரை, பெரிய போட்டி எது நடந்தாலும் ஒரு ஆட்டக்காரரின் பெயரைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

1986ஆம் ஆண்டு. சிங்கப்பூரில், தோ பாயோவில் எங்கள் மூவறை வீடு. அப்பாவிடம் ஒரு 555 நோட்டு இருந்தது. உங்களுக்குத் தெரியும், மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, சட்டைப் பைக்குள் அடங்குகிற நோட்டு, அதேதான். அப்பா அதில் கடன் எழுதவில்லை. லண்டனில் நடக்கிற பெரிய டென்னிஸ் போட்டியான விம்பிள்டனை எழுதினார். காலையில் நாளிதழ் வந்ததும் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் முடிவுகளை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிப்பார். அப்புறம் நோட்டில் ஒரு வரி. பெயர், எதிராளி, ஸ்கோர். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு வரி.

அந்த வருடம் அவர் பிடித்த பெயர் ரமேஷ் கிருஷ்ணன். மெட்ராஸ்காரர். அவருடைய அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனவர் என்பதை எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மகன் ரமேஷும் அந்த 1986இல் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டிக் காலிறுதிக்கு வந்துவிட்டார். வீடே திருவிழாவாக இருந்தது. காலிறுதியில் தோற்றார். எதிராளி யுகோஸ்லாவியாவின் ஸ்லோபோதான் ஜிவோயினோவிச். ஆறரை அடி உயரம், இடி மாதிரி சர்வ், அதாவது பந்தைப் போட்டுத் தொடங்கும் முதல் அடி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா நோட்டை எடுத்தார். ரமேஷின் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே, அந்த வாயில் நுழையாத பெயரை, எழுத்துக் கூட்டி, தமிழில் எழுதினார். "நம்ம ஆளு போயிட்டாரு. அவர ஜெயிச்சவர்தான் இனிமே நம்ம ஆளு."

எனக்குக் கோபம். ரமேஷைத் தோற்கடித்தவன் எப்படி நம்ம ஆள் ஆவான்? ஆனால் வேறு வழி இல்லாமல் பின்னால் போனேன். அரையிறுதியில் ஜிவோயினோவிச், அன்றைக்கு உலகின் முதல்நிலை வீரரான இவான் லெண்டிலை ஆட்டத்தின் கடைசிப் பகுதியான ஐந்தாவது செட்வரை இழுத்துக்கொண்டு போனார். அந்த ஐந்து செட்டில் என் கோபம் போய்விட்டது. அவர் தோற்றபோது வருத்தமாகக்கூட இருந்தது. அப்பா மறுபடியும் கோடு போட்டு லெண்டில் என்று எழுதினார். இறுதியாட்டத்தில் லெண்டில் போரிஸ் பெக்கரிடம் தோற்றார். பெக்கருக்கு 18 வயது. அப்பா கடைசியாக ஒரு கோடு போட்டு பெக்கர் என்று எழுதி நோட்டை மூடினார். ரமேஷ், ஜிவோயினோவிச், லெண்டில், பெக்கர். நான்கு பெயர். விம்பிள்டன் முடிந்துவிட்டது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கொஞ்சம் கேளுங்கள். ஒரு பெரிய போட்டியில், ஒற்றையர் பிரிவில் 128 பேர். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் வெளியே போவார். அப்படியானால் 127 ஆட்டம், 127 பேர் தோல்வி. ஒருவர்தான் மிச்சம். நீங்கள் அந்த 128 பேரில் யாருடைய பெயரை எழுதி ஆரம்பித்தாலும் சரி, அவரை வென்றவர், அவரை வென்றவர் என்று போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் கோப்பையைத் தூக்குகிறவரிடம்தான் போய் நிற்பீர்கள். தப்பவே தப்பாது. கணக்கு எழுதுகிறவள் சொல்கிறேன், ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அதனால்தான் எல்லாரிடமும் சொல்வேன், வெல்லப்போகிறவரைத் தேடாதீர்கள். அவர் தானாக உங்களிடம் வந்து சேர்வார். பெயர் தெரியாத யாராவது ஒருவரை முதல் சுற்றில் பிடியுங்கள். முடிந்தால் அதற்கும் முந்திய தகுதிச் சுற்றில் பிடியுங்கள். தரவரிசையில் முதல் நூறுக்குள்ளோ அதையொட்டியோ இருப்பவர்களுக்கு நேரடி இடம். மற்றவர்களில் பெரும்பாலோர் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் வென்றுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சென்னையின் ராம்குமார் ராமநாதன் எத்தனை ஆண்டுகள் அந்த வாசலில் போராடினார்! நான் அவர் பெயரை எழுதித் தொடங்கிய நோட்டுகள் சில வீட்டில் இருக்கின்றன.

இன்னொரு சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். 2019 அமெரிக்கப் பொது விருதில், அதாவது யுஎஸ் ஓப்பனில், அவர் பெயரைப் பிடித்தேன். முதல் சுற்றிலேயே தோற்றார். தோற்றது டேனில் மெத்வெதேவிடம். சரி, மெத்வெதேவ் என்று எழுதினேன். அவர் இறுதியாட்டம்வரை போய்விட்டார். நியூயார்க்கில் ஞாயிறு மாலை, நமக்குத் திங்கள் விடியற்காலை 4 மணி. ரஃபேல் நடாலிடம் முதல் இரண்டு செட்டும் போய்விட்டது, அடுத்த இரண்டையும் மெத்வெதேவ் எடுத்துவிட்டார். ஐந்தாவது செட்டை நான் எம்ஆர்டி ரயிலில் கைபேசியில் பார்த்துக்கொண்டு போனேன். ஏறக்குறைய ஐந்து மணி நேர ஆட்டம். கடைசியில் நடால். பக்கத்தில் நின்றவருக்கு அது நடால் ஆடிய ஆட்டம். எனக்கு அது பிரஜ்னேஷிடமிருந்து ஆரம்பித்த ஆட்டம்.

2021 அமெரிக்கப் பொது விருதில் எம்மா ரடுகானு தகுதிச் சுற்றிலிருந்து வந்து பட்டம் வென்றது உங்களுக்கு நினைவிருக்கும். 10 ஆட்டம், ஒரு செட்கூட விடவில்லை. தகுதிச் சுற்று முடிந்ததும் ஊர் திரும்ப விமான டிக்கெட்கூட எடுத்து வைத்திருந்தாராம். அவரிடம் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவர் நெதர்லாந்தின் பிபியான் ஸ்கூஃப்ஸ். அன்றைக்கு அவர் பெயரை எழுதி ஆரம்பித்தவருக்கு நோட்டில் ஒரே ஒரு கோடு போடும் வேலைதான்.

சரி, இனி நம் ஊருக்கு வருகிறேன்.

2014 முதல் 2018வரை ஐந்து ஆண்டுகள், பெண்கள் டென்னிஸின் ஆண்டிறுதிப் போட்டி காலாங்கில் இருக்கிற நம் சிங்கப்பூர் உள்ளரங்கு விளையாட்டரங்கில்தான் நடந்தது. அந்த ஆண்டின் தலைசிறந்த எட்டுப் பேர் மட்டும். ஸ்டேடியம் எம்ஆர்டியில் இறங்கி நடந்தால் போய்விடலாம். ஆடுகளம் ஊதா நிறம். மேல் வரிசையில் உட்கார்ந்தாலும் பந்து ராக்கெட்டில் படுகிற சத்தம் நெஞ்சில் வந்து விழும். தொலைக்காட்சியில் அந்தச் சத்தம் கிடைக்காது.

இந்தப் போட்டியில் மட்டும் அப்பாவின் விதி அப்படியே செல்லாது. எட்டுப் பேரை நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொருவரும் மூன்று ஆட்டம் ஆடியாக வேண்டும். குழுவுக்கு இரண்டு பேர் அரையிறுதிக்குப் போவார்கள். தோற்றாலும் வெளியே போக மாட்டார்கள். 2014இல் சிமோனா ஹாலெப் குழு ஆட்டத்தில் செரீனா வில்லியம்ஸை 6-0, 6-2 என்று அடித்தார். அதே வாரம் இறுதியாட்டத்தில் செரீனா அவரை 6-3, 6-0 என்று திருப்பி அடித்தார். 2015இல் அக்னியெஸ்கா ரத்வான்ஸ்கா முதல் இரண்டு ஆட்டமும் தோற்றுவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். கோடு போட்ட பெயரை மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. அப்பாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

2016ஐப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். தீபாவளி வாரம். எட்டாவது இடம் கடைசி நிமிடம்வரை நிரம்பவில்லை. ரஷ்யாவின் ஸ்வெத்லானா குஸ்னெட்சோவா மாஸ்கோவில் பட்டம் வென்றால்தான் அவருக்கு இடம். இல்லையென்றால் பிரிட்டனின் ஜொஹானா கோன்டாவுக்கு. சனிக்கிழமை மாஸ்கோவில் குஸ்னெட்சோவா வென்றார். உடனே விமானம் ஏறினார். திங்கட்கிழமை காலாங்கில் ஆட்டம், அதுவும் நடப்பு வெற்றியாளர் ரத்வான்ஸ்காவுக்கு எதிராக. குஸ்னெட்சோவாவுக்கு 31 வயது. அமெரிக்கப் பொது விருதை வென்று 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய அம்மா சைக்கிள் பந்தயத்தில் உலக வெற்றியாளர். விமானத்திலிருந்து இறங்கிய களைப்போடு ஆடப்போகிறவர். நான் யாருடைய பெயரை எழுதியிருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா?

வேலை முடிந்து நேரே போனேன். முதல் செட் 7-5, குஸ்னெட்சோவா. இரண்டாவது 1-6. கால் நகரவே இல்லை. மூன்றாவது செட்டில் பக்கம் மாறும் இடைவேளை. நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தரிக்கோல் கேட்டார். கட்டுப் போடத்தான் என்று நினைத்தேன். பின்னலை ஒரு கையால் பிடித்தார். இன்னொரு கையால் வெட்டினார். வெட்டிய முடியை நாற்காலி ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து ஆடப் போய்விட்டார்! அரங்கத்தில் ஒரு கணம் பேச்சு மூச்சு இல்லை. கனத்த பின்னல் வீச்சுக்கு வீச்சு கண்ணில் வந்து அடித்துக்கொண்டே இருந்ததாம், அதனால் வெட்டிவிட்டேன் என்று பிறகு சொன்னார்.

அப்பாவுக்கு அப்போது முட்டி வலி, படி ஏற முடியாது, வீட்டில்தான் இருந்தார். போன் போட்டேன்.

"அப்பா, முடிய வெட்டிக்கிட்டாங்க."

"யாரு?"

"குஸ்னெட்சோவாப்பா. ஆட்டத்துக்கு நடுவுல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப ஜெயிச்சிருவாங்க" என்றார்.

ரத்வான்ஸ்காவுக்கு ஒரு மேட்ச் பாயின்ட் வந்தது. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்தது. குஸ்னெட்சோவா அதைத் தடுத்தார். மூன்றாவது செட் 7-5. நான் எழுந்து நின்றது நினைவிருக்கிறது, எப்போது எழுந்தேன் என்று நினைவில்லை.

குழுவைத் தாண்டி அரையிறுதிக்கும் வந்துவிட்டார். அரையிறுதி 29ஆம் தேதி, சனிக்கிழமை, தீபாவளியன்று. அப்பா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். முறுக்குத் தட்டு ஒரு பக்கம், தொலைக்காட்சி ஒரு பக்கம், நோட்டு அப்பா மடியில். எதிராளி ஸ்லோவாக்கியாவின் டொமினிகா சிபுல்கோவா, ஐந்தடி மூன்றங்குலம். குழு ஆட்டத்தில் முதல் இரண்டையும் தோற்றுத் தட்டுத்தடுமாறி உள்ளே வந்தவர். முதல் செட் 6-1 என்று குஸ்னெட்சோவாவுக்கு. அத்தை கைதட்டினார். அப்புறம் 6-6 என்று சமமானதும் ஆடுகிற டை-பிரேக்கில் ஒரு செட் போனது. மூன்றாவது செட்டும் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குஸ்னெட்சோவா பெயருக்குக் கீழே கோடு போட்டு, சிபுல்கோவா என்று எழுதினார்.

மறுநாள் இறுதியாட்டத்துக்கு நான் காலாங் போனேன். எதிரே முதல்நிலை ஆட்டக்காரர் ஏஞ்சலிக் கெர்பர். சிபுல்கோவா 6-3, 6-4. கடைசிப் புள்ளியில் பந்து வலையின் மேல் விளிம்பில் பட்டு, ஒரு கணம் யோசித்த மாதிரி நின்று, கெர்பர் பக்கம் விழுந்தது. சிபுல்கோவா தரையிலேயே படுத்துவிட்டார். அரங்கத்தில் முக்கால்வாசிப் பேர் அன்றைக்குத்தான் அவரை உற்றுப் பார்த்தார்கள். எனக்கு அவர், குஸ்னெட்சோவா வெட்டிய பின்னல் வழியாக வந்தவர்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பந்தைப் பார்க்காதீர்கள். பந்தோடு தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தால் கழுத்துதான் வலிக்கும். நீங்கள் பிடித்த ஆளை மட்டும் பாருங்கள். ஒரு புள்ளி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அவர் துண்டால் முகத்தை எப்படித் துடைக்கிறார், பயிற்றுநர் இருக்கும் பக்கம் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார், சர்வ் போடும் முன் பந்தை எத்தனை முறை தட்டுகிறார். வழக்கமாக நான்கு முறை தட்டுகிறவர் எட்டு முறை தட்டினால் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த நாளின் வரியில் அதையும் எழுதிவிடுவேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. இரட்டையர் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். சானியா மிர்சா இதே அரங்கத்தில் 2014இல் காரா பிளாக்கோடும், 2015இல் மார்ட்டினா ஹிங்கிஸோடும் பட்டம் வென்றார் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆண்டிறுதிப் போட்டி 2019இல் ஷென்சென் போய்விட்டது. ஆனால் 2025இல் காலாங் டென்னிஸ் மையத்தில் ஒரு பெண்கள் போட்டி நடந்தது, பெல்ஜியத்தின் எலிஸ் மெர்டன்ஸ் வென்றார். அதையும் போய்ப் பார்த்தேன்.

கடைசியாக நேரக் கணக்கு, குறித்துக்கொள்ளுங்கள். விம்பிள்டனில் ஓரத்து ஆடுகளங்களில் ஆட்டம் தொடங்கும்போது நமக்கு மாலை 6 மணி. நியூயார்க் இரவாட்டம் நமக்கு மறுநாள் காலை 7 மணி. ஆஸ்திரேலியப் பொது விருது நடக்கும் மெல்பர்ன் ஜனவரியில் நம்மைவிட மூன்று மணி நேரம் முன்னால், ஆகவே காலை 8 மணி வாக்கில் தொடங்கிவிடும். எந்தப் போட்டியானாலும் தகுதிச் சுற்று அதற்கு முந்திய வாரம். பெயர் தேட அதுதான் நல்ல நேரம். 555 நோட்டு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இன்னும் கிடைக்கிறது, போன மாதம்தான் ஒன்று வாங்கினேன்.

நன்றி, வணக்கம்.