காது குடைந்தால் இருமல் வருவது ஏன்?

[திரையில்: காதுக்குள் பஞ்சுக்குச்சியை விடும் ஒரு கை]

காது குடையும்போது சிலருக்குச் சட்டென்று இருமல் வரும். காதுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. அதன் பெயர் வேகஸ் நரம்பு.

மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் நரம்புகள் 12 இணைகள். முதலாவது முகர்வதற்கு, இரண்டாவது பார்ப்பதற்கு, ஏழாவது முகத்தசைகளுக்கு என்று பெரும்பாலானவை தலையையும் கழுத்தையும் தாண்டுவதில்லை. பத்தாவதுக்கு மட்டும் வீடு தங்காத கால். லத்தீனில் 'வேகஸ்' என்றாலே அலைந்து திரிவது என்று பொருள்.

[திரையில்: முகுளத்திலிருந்து வயிறு வரை இறங்கும் மஞ்சள் கோடு]

மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் தொடங்கி, மண்டையோட்டின் அடித்துளை வழியாக வெளியே வருகிறது. காதுத்துளையின் தோலுக்கு ஒரு சிறு கிளை கொடுக்கிறது. பிறகு கழுத்துத் தமனியோடு ஒரே உறைக்குள் இறங்கி, குரல்வளை, நுரையீரல், இதயம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, உணவுக்குழாயை ஒட்டி உதரவிதானத்தைக் கடந்து பெருங்குடல் வரை போகிறது. காதிலிருந்தும் குரல்வளையிலிருந்தும் செய்தி வருவது ஒரே நரம்பில். குச்சி பட்டதை, தொண்டையில் ஏதோ சிக்கியதாக மூளை எடுத்துக்கொள்கிறது. இருமல் வருகிறது.

இந்த நரம்பின் வேடிக்கையான பகுதி, குரல்வளைக்குப் போகும் இடது கிளை. கழுத்திலேயே பிரிந்திருக்கலாம். ஆனால் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. கருவில் இதயம் கழுத்தருகே இருந்தபோது இது குறுக்குவழிதான். இதயம் கீழே இறங்கியபோது நரம்பையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் வாரக்கணக்கில் குரல் கம்மியிருப்பவரிடம் மருத்துவர் மார்பு எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்கிறார். கோளாறு தொண்டையிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை.

[திரையில்: துடிக்கும் இதயம், அருகில் ஓடும் எண்கள்]

இனி இதயம். நாம் நினைக்காமலே நடக்கும் வேலைகளைப் பார்த்துக்கொள்வது தானியங்கு நரம்பு மண்டலம். அதில் பரிவு நரம்புகள் முடுக்குகின்றன, எதிர்ப்பரிவு நரம்புகள் தணிக்கின்றன என்று பள்ளியில் படித்திருப்போம். இதயத்தைத் தணிப்பது வேகஸ். எந்த நரம்பின் தலையீடும் இல்லாவிட்டால் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 70 என்று காட்டுகிறதே, அது வேகஸ் பிரேக்கில் கால் வைத்திருப்பதால். நரம்புகள் வெட்டப்பட்ட நிலையில் மாற்று இதயம் பெற்றவர்களுக்கு, ஓய்விலும் துடிப்பு 90-க்கு மேல் இருப்பது இதனால்தான்.

இந்த பிரேக் எப்படிப் பிடிக்கிறது? ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மருந்தியல் அறிஞர் ஓட்டோ லோவி செய்த சோதனை 1921-இல் வெளியானது. இரண்டு தவளை இதயங்கள். முதலாவதன் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து இரண்டாவதில் விட்டார். யாரும் தொடாத அந்த இதயமும் தளர்ந்தது. நரம்பின் நுனியிலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் கசிகிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அது அசிட்டைல்கோலின். இந்தச் சோதனை தமக்குக் கனவில் தோன்றியது என்றும், முதல் இரவு எழுதிவைத்த குறிப்பைக் காலையில் தம்மாலேயே படிக்க முடியவில்லை என்றும் லோவி சொல்லியிருக்கிறார். மறு இரவும் அதே கனவு வந்தது நம் அதிர்ஷ்டம். 1936-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி டேலுடன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

[திரையில்: மணிக்கட்டில் இரு விரல்கள்]

இப்போதே நாடி பிடித்துப் பாருங்கள். மூச்சை மெதுவாக இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், விடும்போது தளரும். இளவயதினருக்கு நன்றாகவே தெரியும். இழுக்கையில் பிரேக் தளர்கிறது, விடுகையில் அழுந்துகிறது, இது நோயல்ல.

சில சமயம் வேகஸ் அளவு மீறும். ஊசியைக் கண்டதும் ஆள் வெளிறி, வியர்த்துச் சரிவதைப் பார்த்திருப்பீர்கள். துடிப்பு குறைகிறது, அதே நேரத்தில் இரத்தக்குழாய்களை இறுக்கிவைத்திருந்த பரிவு நரம்புகளும் கைவிடுகின்றன. இரத்தம் காலில் தேங்க, மூளைக்குப் போதவில்லை. உடனே நாம் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து வாயில் சோடா ஊற்றப் பார்ப்போம். இரண்டும் தவறு. படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் கண் விழித்து, "என்ன ஆச்சு?" என்பார். சோடாவை அப்புறம் கொடுக்கலாம்.