கோடு போட்ட ஊருக்கும் உயிர் உண்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'திட்டமிட்டுக் கட்டிய நகரம் மனிதருக்கு வரமா, சுமையா?' என்பது தலைப்பு. வரமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் சண்டிகரைக் காட்டி, "ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, செக்டார் செக்டாராக நம்பர் போட்ட ஊர். அங்கே மனுஷ வாசனை அடிக்குமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார்.

ஐயா, அந்தக் கோடு யாருக்காக? 1947-இல் பஞ்சாப் பிளந்தது. தலைநகர் லாகூர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வீடு வாசலை விட்டு லட்சக்கணக்கான ஜனம் வந்து நின்றது. அந்தக் காயத்தின் மேல், புதுத் தலைநகராக எழுந்த ஊர் சண்டிகர். லெ கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் 1951-இல் வரைபடம் போட்டார். ஒரு செக்டார் 1,200 மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். உள்ளேயே பள்ளிக்கூடம், கடைத்தெரு, பூங்கா. வேகமான வண்டிகள் வெளியே சுற்றிப் போகும். சின்னப் பிள்ளை பெரிய ரோட்டைக் கடக்காமலே பள்ளிக்கூடம் போய்வரலாம். பிள்ளை திரும்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரைக் கேளுங்கள், அந்தக் கோட்டின் அருமை தெரியும்.

கிராமங்களை இடித்துத்தானே கட்டினார்கள் என்றார் நண்பர். இடித்தார்கள், அது வலிதான். அந்த இடிபாட்டை நேக் சந்த் என்ற ரோடு இன்ஸ்பெக்டர் சைக்கிளில் அள்ளி வந்தார். அவரும் பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர். உடைந்த வளையல், பீங்கான் கோப்பை, ஓட்டுச் சில்லு எல்லாவற்றையும் சிமெண்டில் பதித்து, காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் பொம்மைகள் செய்தார். வேலை முடிந்த பிறகு, இரவு இரவாக, ஏறக்குறைய பதினெட்டு வருஷம்! அரசு நிலத்தில் அனுமதி இல்லாத வேலை. கண்டுபிடித்தவர்கள் இடித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் 1976-இல் அந்தப் பொம்மைத் தோட்டத்தை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளமும் ஆட்களும் தந்தார்கள். பெண் பொம்மைகளின் சேலை முழுக்க வளையல் துண்டு, நடுவர் அவர்களே! யார் யார் கையில் குலுங்கியதோ!

ஐந்து லட்சம் பேருக்கென்று போட்ட ஊரில் 2011 கணக்கெடுப்பிலேயே பத்து லட்சத்துக்கு மேல். நெரிசல் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் காலையில் சுக்னா ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். வண்டிச் சத்தமே இல்லாமல் தாத்தா பாட்டியெல்லாம் சிவாலிக் மலையைப் பார்த்தபடி நடக்கிறார்கள்.

கொர்பூசியேயின் உறவினர் பியர் ஜான்னரே. சுவிட்சர்லாந்துக்காரர். 1965 வரை சண்டிகரிலேயே தங்கிக் கட்டினார். மனுஷ வாசனை இல்லாத ஊர் என்றால், தன் சாம்பலை இந்தச் சுக்னாவில்தான் கரைக்க வேண்டும் என்று அவர் ஏன் விரும்பினார்? அப்படியே கொண்டுவந்து கரைத்தார்கள்.